ரேடியோ பவரைப் பத்திரமாகக் குறைப்பது எப்படி: அட்டெனுவேட்டர் முழு வழிகாட்டி

கையடக்க ரேடியோவின் சிக்னல் சுத்தமாக இருக்கிறதா, ஹார்மோனிக் (அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்) எவ்வளவு கலந்து வருகிறது என்று பார்க்க, சின்னதாக ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் கருவி) இப்போது பல ஹாம்களிடம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம், இருக்கிறது. அந்த அனலைசரின் உள்ளீடு தாங்குவது சில மில்லிவாட்தான். ரேடியோ தருவதோ 5 வாட், அதாவது 5,000 மில்லிவாட். இரண்டையும் நேராக இணைத்து, சிக்னல் அனுப்பும் பிடிடி பட்டனை அழுத்தினால் அனலைசரின் முன்பகுதி அந்த நொடியே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டியது, பவரைக் குறைத்து அனுப்பும் அட்டெனுவேட்டர்.

வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது டெசிபெல், அதாவது எவ்வளவு குறைக்கும் என்பது. நான் முதலில் பார்க்கச் சொல்வது வாட், அதாவது எவ்வளவு பவரைத் தாங்கும் என்பது. ஏனென்றால் அட்டெனுவேட்டர் பவரை மறையவைப்பதில்லை; உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்களில் வெப்பமாக மாற்றுகிறது. 20 டெசிபெல் அட்டெனுவேட்டருக்குள் 100 வாட் போனால் வெளியே வருவது 1 வாட். மீதி 99 வாட் அதன் உடம்பிலேயே சூடாகத் தங்குகிறது. மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட்தான் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சூடு என்று புரியும். தேர்வு, பொருத்தும் விதம், சோதனை எல்லாமே இந்தச் சூட்டைச் சுற்றித்தான்.

முதலில் கணக்கு

வாட்டில் வகுத்துப் பெருக்குவதைவிட டிபிஎம் அளவில் கூட்டிக் கழிப்பது சுலபம். 1 மில்லிவாட் என்பது 0 டிபிஎம். 1 வாட் 30 டிபிஎம், 5 வாட் 37, 50 வாட் 47, 100 வாட் 50. அட்டெனுவேட்டரின் டெசிபெலை இதிலிருந்து அப்படியே கழித்தால் போதும். 3 டெசிபெல் என்றால் பவர் பாதியாகும், 10 என்றால் பத்தில் ஒன்று, 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று.

5 வாட் ரேடியோவை அனலைசரில் பார்க்க வேண்டும். அனலைசருக்குள் போவது மைனஸ் 10 டிபிஎம் அருகில் இருந்தால் நிம்மதி. 37-இலிருந்து 50-ஐக் கழித்தால் மைனஸ் 13. ஆக, 50 டெசிபெல் வேண்டும். உங்கள் கருவியின் கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: தாங்கும் உச்ச வரம்பு ஒன்று, சரியாக அளக்கும் வரம்பு இன்னொன்று. கணக்கு போடவேண்டியது இரண்டாவதை வைத்து. உச்ச வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் கருவி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதன் உள்ளே அலைவரிசையை மாற்றும் மிக்சர் சுற்று திணறி, ரேடியோவில் இல்லாத ஹார்மோனிக்குகளைத் திரையில் காட்டும். சந்தேகம் வந்தால் கூடுதலாக 10 டெசிபெல் ஒன்றை நடுவில் மாட்டிப் பாருங்கள். ஹார்மோனிக்கும் முதன்மை சிக்னலும் சரியாகப் பத்து பத்து டெசிபெல் இறங்கினால் அந்த ஹார்மோனிக் நிஜமாகவே ரேடியோவிலிருந்து வருகிறது. ஹார்மோனிக் மட்டும் இன்னும் அதிகமாக இறங்கினால் அது அனலைசருக்குள்ளேயே பிறந்தது.

எத்தனை வாட் தாங்கவேண்டும்

ரேடியோவில் நீங்கள் செட் செய்திருக்கும் பவரை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. அந்த ரேடியோ அதிகபட்சம் எவ்வளவு தரமுடியுமோ அதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். 100 வாட் ரேடியோவை 5 வாட்டுக்குக் குறைத்து வைத்திருப்பீர்கள். பட்டனை அழுத்திய முதல் சில மில்லிவினாடிகளில், பவரைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஎல்சி சுற்று விழித்துக்கொள்வதற்குள், சில ரேடியோக்கள் முழு பவருக்குப் பக்கத்தில் ஒரு துடிப்பை அனுப்பிவிடும். சாதாரண பவர் மீட்டரில் அது தெரியாது. அட்டெனுவேட்டர் அந்தச் சிறு துடிப்பைத் தாங்கினாலும், 5 வாட்டுக்குக் கணக்குப் போட்டு அதன் பின்னால் வைத்த கருவிக்கு 13 டெசிபெல் அதிகமாகப் போயிருக்கும். அதோடு, யாரோ ஒருவர் பவர் குமிழைத் திருப்பிவிட்டாலும் இதே கதைதான்.

ரேட்டிங்கில் இரண்டு மடங்கு இடைவெளி வையுங்கள். 5 வாட்டுக்கு 10 வாட் அட்டெனுவேட்டர். எந்த வகையில் அனுப்புகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சில் சராசரி பவர் உச்சத்தைவிட நன்றாகக் குறைவு. எஃப்எம்-மில் பட்டனை அழுத்தியிருக்கும் நேரம் முழுக்க முழு பவர். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் 12.64 நொடிகள் விடாமல் முழு பவர் போகும். விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸ் சூழலுக்கானது என்பதையும் மறக்கவேண்டாம். சூழல் சூடாக ஆக, தாங்கும் வாட் குறையும். அதற்கான வரைகோடு டேட்டாஷீட்டில் இருக்கும். மே மாத மதியத்தில் மின்விசிறி இல்லாத ஓர் அறை 40 டிகிரியைத் தொடும் ஊரில் 50 வாட் என்று எழுதியிருப்பதை 50 வாட்டாக நம்பக் கூடாது.

வரிசை முக்கியம்

50 டெசிபெலை ஒரே அட்டெனுவேட்டரில் தேடவேண்டியதில்லை. ரேடியோவை ஒட்டி 20 டெசிபெல், 10 வாட். அதன் பின்னால் 30 டெசிபெல், 2 வாட். முதலாவது 4.95 வாட்டை விழுங்கிவிடும். இரண்டாவதுக்கு வந்து சேர்வது 50 மில்லிவாட். இதையே இடம் மாற்றி மாட்டினால், 2 வாட் அட்டெனுவேட்டர் 5 வாட்டை வாங்கிக் கருகும். பெரியது முன்னால், சிறியது பின்னால். மாட்டியபிறகு விரலால் தொட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தவேண்டும்.

பெரிய பவர் அட்டெனுவேட்டர்களில் பலவற்றுக்குத் திசை உண்டு. உள்ளே பெரிய ரெசிஸ்டர் நுழைவுப் பக்கத்தில் மட்டும் இருக்கும். வெளிப்பக்கத்தில் இருப்பது சின்னது. திருப்பி மாட்டினால் டெசிபெல் அதேதான் காட்டும், அதனால் தவறு தெரியாது. பவர் ஏறும்போது அந்தச் சின்ன ரெசிஸ்டர் எரியும். உடம்பில் இன்புட் என்று எழுதியிருந்தாலோ அம்புக்குறி இருந்தாலோ அதை மதியுங்கள்.

நீங்களே கட்டுவதென்றால்

குறுகிய அலை, அதாவது 30 மெகாஹெர்ட்ஸ் வரை, சொந்தமாகக் கட்டுவது நன்றாகவே வேலை செய்யும். நான் பரிந்துரைப்பது பை வடிவம்: நுழைவில் தரைக்கு ஒரு ரெசிஸ்டர், நடுவில் தொடராக ஒன்று, வெளியில் தரைக்கு ஒன்று. தரைக்குப் போகும் இரண்டும் ஒரே மதிப்பு. ஹாம் ரேடியோக்களும் கருவிகளும் பயன்படுத்தும் 50 ஓம் அமைப்புக்கான மதிப்புகள்:

3 டெசிபெல்: தரைக்கு 292 ஓம், தொடர் 17.6 ஓம்
6 டெசிபெல்: தரைக்கு 150 ஓம், தொடர் 37.4 ஓம்
10 டெசிபெல்: தரைக்கு 96.2 ஓம், தொடர் 71.2 ஓம்
20 டெசிபெல்: தரைக்கு 61.1 ஓம், தொடர் 247.5 ஓம்

இந்த மூன்று ரெசிஸ்டர்களும் சூட்டைச் சமமாகப் பங்குபோடுவதில்லை. 20 டெசிபெலில் நுழைவு ரெசிஸ்டர் மட்டும் 81.8 சதவீதத்தை எரிக்கிறது. தொடர் ரெசிஸ்டர் 16.4 சதவீதம். வெளிப்பக்க ரெசிஸ்டருக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 10 டெசிபெலில் இந்தப் பங்கு 52, 33, 5 என்று மாறும். ஆகவே 5 வாட்டுக்கு 20 டெசிபெல் கட்டும்போது நுழைவில் 4.1 வாட் தாங்கவேண்டும், தொடரில் 0.8 வாட், வெளியில் கால் வாட் ரெசிஸ்டரே தாராளம்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். நுழைவுக்கு 300 ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் ஐந்தை இணையாக வையுங்கள். 60 ஓம், 10 வாட் கிடைக்கும். தொடருக்கு 120 ஓம், 2 வாட் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, 240 ஓம். வெளியில் 62 ஓம், கால் வாட். இவை எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ தேடக்கூடிய மதிப்புகள். இந்த மூன்றும் சேர்ந்து தருவது சுமார் 19.8 டெசிபெல், உள்ளே பார்க்கும் மின்தடை 49 ஓம். வீட்டு வேலைக்கு இதைவிடத் துல்லியம் தேவையில்லை.

ரெசிஸ்டர் வாங்கும்போது சிமென்ட் உடம்புள்ள வயர்வவுண்ட் வகையைத் தொடவேண்டாம். உள்ளே கம்பி சுருளாகச் சுற்றியிருப்பதால் அது ரேடியோ அலைவரிசையில் ரெசிஸ்டராக நடக்காது, காயிலாக நடக்கும். கால் கம்பிகளை முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள். இணையாக வைக்கும் ஐந்தையும் ஒரே பக்கம் குவிக்காமல், கனெக்டரின் நடு முனையைச் சுற்றி நட்சத்திரம்போல விரித்துத் தரையில் சால்டர் செய்தால் கம்பியின் இண்டக்டன்ஸ் (காயில்போல நடக்கும் குணம்) குறையும், காற்றும் இடையில் புகும். 144 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் கம்பி ரெசிஸ்டரை விட்டுவிட்டு சிப் ரெசிஸ்டருக்கு மாறவேண்டும். அங்கே அதிக பவருக்குக் கடையில் வாங்குவதே என் யோசனை.

பெட்டி உலோகமாக இருக்கட்டும். தகரத்திலோ காப்பர் கிளாட் போர்டிலோ நீங்களே சால்டர் செய்துகூடச் செய்யலாம். 40 டெசிபெல் வேண்டுமென்றால் இரண்டு 20 டெசிபெல் பிரிவுகள், நடுவில் ஒரு உலோகத் தடுப்பு, அதில் ஒரு சின்னத் துளை வழியாக ஒரே ஒரு கம்பி. தடுப்பு இல்லாவிட்டால் நுழைவிலிருந்து வெளிப்பக்கத்துக்கு சிக்னல் காற்றுவழியே தாவும். அலைவரிசை ஏற ஏற உங்கள் 40 டெசிபெல் 35, 30 என்று கரையும்.

100 வாட்டுக்கு மலிவான வழி

100 வாட்டைத் தாங்கும் 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் விலை அதிகம். அளப்பதுதான் நோக்கம் என்றால் அது தேவையே இல்லை. உங்களிடம் நல்ல டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கும் 50 ஓம் ரெசிஸ்டர்) இருந்தால் பவரை அதற்கே போகவிட்டு, வழியில் ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ரேடியோவுக்கும் டம்மி லோடுக்கும் நடுவே ஒரு சிறிய உலோகப் பெட்டி. அதன் வழியாக நேராகப் போகும் கம்பியிலிருந்து 820 ஓம் ரெசிஸ்டர் மூன்றைத் தொடராக இறக்கி, அது பிஎன்சி கனெக்டரில் சேரும் இடத்தில் தரைக்கு 51 ஓம் ஒன்று வையுங்கள். பிஎன்சி-யில் 50 ஓம் கருவி மாட்டியிருக்கும்போது அங்கே கிடைப்பது 40 டெசிபெல் குறைந்த சிக்னல், அதாவது 100 வாட்டுக்கு 10 மில்லிவாட். அதற்குப் பின்னால் சாதாரண சின்ன அட்டெனுவேட்டர் போதும்.

100 வாட்டில் அந்த மூன்று ரெசிஸ்டர்களும் சேர்ந்து எரிப்பது 2 வாட்தான். ஒவ்வொன்றுக்கும் 0.66 வாட் வருவதால் 2 வாட் ரெசிஸ்டர் வைத்தால் நிம்மதி. மீதி 98 வாட் டம்மி லோடின் பொறுப்பு. அளவீட்டுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது இந்த அமைப்பைத்தான். அட்டெனுவேட்டரில் பெரிய பணம் போடுவதற்கு முன் இதைக் கட்டிப் பாருங்கள்.

பொருத்துதல்: கனெக்டர்

அட்டெனுவேட்டரின் எடையைக் கனெக்டர் சுமக்கக் கூடாது. என் டைப் (N) என்ற பெரிய கனெக்டருள்ள 50 வாட் அட்டெனுவேட்டர் அலுமினியத் தகடுகளோடு நல்ல கனம். அதை ஒரு அடாப்டர் வழியாகக் கையடக்க ரேடியோவின் எஸ்எம்ஏ (சின்னத் திருகு கனெக்டர்) முனையில் தொங்கவிட்டால் நெம்புகோல்போல இழுத்து, ரேடியோவின் உள்ளே சால்டரை விரிசல்விடச் செய்யும். அட்டெனுவேட்டர் மேசையில் ஒரு தாங்கியில் உட்காரட்டும். ரேடியோவிலிருந்து ஒரு அடி கோஆக்ஸ் கேபிள் ஜம்பர் போகட்டும்.

இறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள், உடம்பைத் திருப்பாதீர்கள். உடம்பு சுழன்றால் நடு முள் எதிர்ப்பக்கத் தொடர்பைத் தேய்த்துக்கொண்டே சுற்றும். சில முறையில் அது தளர்ந்துவிடும். டார்க் ஸ்பேனர் வைத்திருப்பவர்கள் பித்தளை எஸ்எம்ஏ-வுக்கு 0.56 நியூட்டன் மீட்டர், ஸ்டெயின்லெஸ் எஸ்எம்ஏ-வுக்கு 0.9 முதல் 1.1 வரை வைக்கலாம். ஸ்பேனர் இல்லையென்றால் விரலால் நன்றாக இறுக்கினால் இந்த வேலைக்குப் போதும். இடுக்கியை மட்டும் எடுக்காதீர்கள். 100 வாட் போகும் இடத்தில் எஸ்எம்ஏ வேண்டாம், என் டைப் வையுங்கள். அடாப்டர் மேல் அடாப்டராக அடுக்குவதையும் தவிருங்கள். ஒவ்வொரு இணைப்பும் தளர்வதற்கு இன்னோர் இடம்.

பொருத்துதல்: சூடு

தகடுகளுக்கு நடுவில் சூடான காற்று மேலே ஏற வழி இருக்கவேண்டும். நீளவாக்கில் தகடுகள் ஓடும் வகையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். உடம்பைச் சுற்றி வட்டத் தட்டுகளாக இருக்கும் வகையைப் படுக்கவையுங்கள். அப்போதுதான் தட்டுகள் செங்குத்தாக நிற்கும், காற்று இடையில் ஓடும். பெட்டிக்குள் அடைத்து மூடினால் ரேட்டிங்கில் பாதியைக்கூட நம்பமுடியாது. ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் தகடுகள்மேல் வீசினால் நிலைமை பெரிதாக மாறும், செலவும் அதிகமில்லை.

ஃபிளேஞ்ச் வகை என்பது காதுபோன்ற இரண்டு துளைகளுள்ள உலோகத் தட்டின்மேல் உட்கார்ந்த செராமிக் துண்டு. இதைத் தனியாகப் பவரில் வைக்கவே கூடாது; ஹீட்சிங்கில் திருகிய பிறகே அதன் ரேட்டிங் செல்லும். ஹீட்சிங்கின் பரப்பு தட்டையாக, பிசிறில்லாமல் இருக்கவேண்டும். துளை போட்ட இடத்தில் விளிம்பு மேடிட்டிருந்தால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக மட்டும். கெட்டியாகப் பூசினால் அதுவே சூட்டைத் தடுக்கும். இரண்டு ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும், செராமிக் விரிசல்விடும். பட்டைக் கால்களைச் சால்டர் செய்யும்முன் சிறு வளைவு கொடுங்கள். சூட்டில் உலோகம் விரியும்போது அந்த வளைவு இழுவையை ஏற்றுக்கொள்ளும்.

அந்தச் செராமிக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய பவர் ரெசிஸ்டர்களிலும் அட்டெனுவேட்டர்களிலும் பல பெரிலியம் ஆக்சைடால் ஆனவை. முழுதாக இருக்கும்வரை ஆபத்தில்லை. அதன் தூளை சுவாசித்தால் நுரையீரலுக்குத் தீராத பாதிப்பு வரும். உடைக்காதீர்கள், ராவாதீர்கள், துளை போடாதீர்கள். உடைந்த பழைய பாகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

ஹீட்சிங்க் அளவுக்கு எளிய கணக்கு உண்டு. ஒரு வாட்டுக்கு 1 டிகிரி ஏறும் ஹீட்சிங்கில் 50 வாட் போனால் 50 டிகிரி ஏறும். அறை 40 டிகிரி என்றால் தட்டு 90-இல் நிற்கும். பல ஃபிளேஞ்ச் பாகங்கள் தட்டு 100 டிகிரி வரும்வரைதான் முழு பவரைத் தாங்கும். ஆக, இது விளிம்பு. ஃபேன் வையுங்கள், அல்லது பெரிய ஹீட்சிங்க் எடுங்கள்.

பவர் கொடுக்கும் முன் மல்டிமீட்டர்

சாதாரண மல்டிமீட்டரே ஒரு அட்டெனுவேட்டர் நல்லதா கருகியதா என்று சொல்லிவிடும். எதையும் இணைக்காமல், ஒரு கனெக்டரின் நடு முள்ளுக்கும் உடம்புக்கும் இடையே மின்தடையை அளவிடுங்கள். மறுமுனை திறந்திருக்கும்போது 3 டெசிபெலில் 150 ஓம் காட்டும், 6-இல் 84, 10-இல் 61, 20-இல் 51. மறுமுனையில் நடு முள்ளை உடம்போடு ஷார்ட் செய்துவிட்டு அளந்தால் முறையே 17, 30, 41, 49. உள்ளே பை வடிவமா டி வடிவமா என்று தெரியவேண்டியதில்லை. சமச்சீராகக் கட்டிய 50 ஓம் அட்டெனுவேட்டர் எதுவானாலும் இதே எண்கள்தான். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய அட்டெனுவேட்டரில் ஒரு பக்கம் 51, மறுபக்கம் 80 என்று வந்தால் யாரோ அதை எரித்திருக்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

நானோவிஎன்ஏ (ஒவ்வோர் அலைவரிசையிலும் சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் பயன்படுத்தும் அலைவரிசையில் உண்மையான டெசிபெல் எவ்வளவு என்று எழுதி, அட்டெனுவேட்டரின்மேலேயே ஒட்டிவையுங்கள். 20 என்று அச்சிட்டது 19.6 ஆக இருக்கலாம். பவர் அளக்கும்போது அந்த 0.4 டெசிபெல் பத்து சதவீதம் பிழை.

முதல் முறை

ரேடியோவைக் குறைந்த பவரில் வையுங்கள். பத்து நொடி அனுப்பி நிறுத்துங்கள். அனலைசரில் நீங்கள் கணக்கிட்ட எண் வருகிறதா பாருங்கள். மூன்று நான்கு டெசிபெல் விலகினால் மேலே போகாமல் காரணம் தேடுங்கள். சரியாக இருந்தால் முழு பவரில் அரை நிமிடம், அப்புறம் இரண்டு நிமிடம். அட்டெனுவேட்டரின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்ப்பவர்கள் பளபளப்பான அலுமினியத்தின்மேல் நேராக வைக்காதீர்கள், உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளவிடுங்கள். சிக்னல் போய்க்கொண்டிருக்கும்போது எந்தக் கனெக்டரையும் கழற்றவேண்டாம். விரலும் சுடும், ரேடியோவும் லோட் இல்லாமல் நிற்கும்.

50 டெசிபெல் என்பது லட்சத்தில் ஒன்று. அந்த அளவில் கசிவு ஒரு பெரிய பிரச்சினை. ரேடியோவின் உடம்பிலிருந்தும், மட்டமான கோஆக்ஸின் பின்னல் வழியாகவும் கசியும் சிக்னல் அனலைசருக்குள் புகுந்து உங்கள் அளவைக் கெடுக்கும். சோதிப்பது எளிது: அட்டெனுவேட்டர் வரிசையின் கடைசி முனையை அனலைசரிலிருந்து கழற்றி 50 ஓம் டெர்மினேட்டரால் (முனையில் மாட்டும் ரெசிஸ்டர் மூடி) மூடுங்கள், அனலைசரின் உள்ளீட்டுக்கும் ஒரு டெர்மினேட்டர் போடுங்கள். இப்போது பட்டனை அழுத்தினால் திரையில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் இரட்டைப் பின்னலுள்ள ஆர்ஜி-223 அல்லது ஆர்ஜி-142 கேபிளுக்கு மாறுங்கள், ரேடியோவைத் தள்ளி வையுங்கள்.

டிரான்ஸ்வர்ட்டருக்கு முன்னால் வைக்கும்போது

க்யூஓ-100 செயற்கைக்கோளுக்கு 2,400 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப டிரான்ஸ்வர்ட்டர் (ரேடியோவின் சிக்னலை வேறு அலைவரிசைக்கு மாற்றும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு அட்டெனுவேட்டர் நிரந்தர பாகம். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ஒரே கோஆக்ஸ் என்றால், அதில் வைக்கும் அட்டெனுவேட்டர் கேட்கும் சிக்னலையும் அதே அளவு குறைக்கும். குறுகிய அலையில் 3 அல்லது 6 டெசிபெல் போனால் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே வானத்து இரைச்சலே அதிகம். வேறு இடங்களில் தெரியும். அதனால் டிரான்ஸ்வர்ட்டரின் ரிலேவுக்கு அப்பால், அனுப்பும் பாதையில் மட்டும் அட்டெனுவேட்டர் இருக்கட்டும். அந்த ரிலே ஒட்டாமல் போனாலோ தாமதமாக மாறினாலோ கேட்கும் பாதைக்கு முழு பவர் போகும் என்பதால் எது முதலில் மாறவேண்டும் என்று வரிசைப்படுத்தும் சீக்வென்சர் சுற்று ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, கோஆக்ஸ் வழியாக டிசி மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். சில ரேடியோக்கள் அனுப்பும் நேரத்தில் ரிலேவை மாற்ற டிசி கொடுக்கும். கேட்கும் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபையருக்கும் அதே கம்பியில் டிசி போகலாம். அட்டெனுவேட்டரின் உள்ளே தரைக்குப் போகும் ரெசிஸ்டருக்கு டிசி, ரேடியோ சிக்னல் என்ற வித்தியாசம் கிடையாது. 12 வோல்ட் 51 ஓம்மில் இறங்கினால் 2.8 வாட், 2 வாட் அட்டெனுவேட்டர் ரேடியோ பவர் துளிகூட இல்லாமலே எரிந்துபோகும். டிசி-யை மெனுவில் அணையுங்கள், முடியாவிட்டால் அட்டெனுவேட்டருக்கு முன்னால் ஒரு டிசி பிளாக் (டிசி-யைத் தடுத்து ரேடியோ சிக்னலை மட்டும் விடும் பாகம்) மாட்டுங்கள்.